பல்லி பட்டினி கெடக்கல, தாகத்துல கெடக்கு

வேலூர் சத்துவாச்சாரி பக்கத்துல இருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பேரையும் அடையாளத்தையும் எடுத்துட்டு விஷயத்த மட்டும் சொல்றேன். ஏழாவது படிக்கிற பையனோட பொறந்தநாளுக்கு வீட்டுக்காரர் யாரோ ஒருத்தர்கிட்ட சொல்லி சென்னையில இருந்து ஒரு பச்சை கலர் குட்டி ஜீவன வரவழைச்சிருக்காரு, ஐஸ்கிரீம் டப்பால ஓட்டை போட்டு பஸ் பார்சல்ல வந்து எறங்கியிருக்கு. வித்தவரு "இது அமெரிக்கன் பச்சோந்தி, பேரு அனோல், ஒரு வேலையும் வெக்காது, கொஞ்சம் பழம் கொஞ்சம் கீரை போடுங்க, மூடில சக்கர தண்ணி வைங்க"ன்னு சொல்லி காச வாங்கிட்டாரு. பழைய மீன் தொட்டில விட்டு வச்சு 11 நாள் ஆச்சு. வாழப்பழம், லெட்டூஸ், அவிச்ச முட்டையோட மஞ்சக்கரு, கடைசில தயிர்சாதம் கூட வச்சு பாத்திருக்காங்க, நாலு நாளா எதையும் திரும்பிக்கூட பாக்கல. வந்தப்போ கிளிப்பச்சை, இப்போ காஞ்ச பாக்கு கலர். போன வாரம் பையன் கையில பிடிக்கப்போய் வால் தனியா வந்துடுச்சு, அவன் ராத்திரி முழுக்க தூங்கல. மாமியார் வேற "வேலில போற ஓணான எடுத்து வேட்டில வுட்டுகினு இப்ப குத்துது கொடையுதுன்னா இன்னா பண்றது, கொல்லையில கொய்யா மரத்துல வுட்டுடு"ன்னு தினமும் சொல்றாங்களாம். அந்தம்மா கேக்கறது இதான்: இது சாகப்போகுதா, இது விஷமா (வீட்டுல நாத்தனாரோட 8 மாச கொழந்த இருக்கு), ஃபாரஸ்ட்டுல கேஸ் போடுவாங்களா, தனியா இருக்கறதால ஏங்குதா ஜோடி வாங்கட்டுமா, இல்ல மாமியார் சொல்றாப்புல விட்டுடட்டுமா.

சகோதரி, நாலு பக்கம் எழுதியிருக்கீங்க, அதுல கடைசி பக்கத்துல போற போக்குல ஒரு வரி இருக்கு. தொட்டிய தொடைக்கிறப்போ கண்ணாடில ஒட்டியிருந்த தண்ணி சொட்ட அது நக்குச்சு, பாக்க வேடிக்கையா இருந்துச்சுன்னு. மொத்த கடிதத்துலயும் எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமா பட்டுச்சு. நீங்க அது சாப்பிடலன்னு கவலப்படறீங்க, ஆனா அதுக்கு இப்போ மொத பிரச்சனை சாப்பாடு இல்ல, தண்ணி. இந்த அனோல் நெசத்துல பச்சோந்தி இல்ல, ஒரு பல்லி ஜாதி, மரத்து மேல, செடி மேல வாழறது, ஊரு அமெரிக்காவோட தென்கிழக்கு பக்கம், புளோரிடா, ஜார்ஜியா, லூசியானா மாதிரி ஈரம் கொட்டற இடம். அங்க அது குடிக்கிறது இலை மேல நிக்கிற பனித்துளி, மழைத்துளி. மூடில அசையாம நிக்கிற தண்ணி தண்ணின்னே பெரும்பாலும் அதுக்கு தெரியாது, நீங்க அதுல சக்கர கலந்தாலும் சரி பன்னீர் கலந்தாலும் சரி.

இத நான் படிச்சு தெரிஞ்சுகிட்டேன்னு பீத்திக்க முடியாது. எங்க ஊர்ல வைத்தியத்துக்கு எனக்கு வர்றது மாடு, ஆடு, நாய், எப்பயாவது ஒரு லவ் பேர்ட்ஸ். பல வருஷம் முன்னாடி மொத மொத ஒருத்தர் அனோல் கொண்டாந்தப்போ கிண்ணத்துல தண்ணி வைங்க, வைட்டமின் சொட்டு ரெண்டு அதுல விடுங்கன்னு எழுதி குடுத்து அனுப்பினேன். கிண்ணம் நெறைய தண்ணி இருக்க அது பக்கத்துலயே காஞ்சு செத்துச்சு. அதனால உங்களுக்கு இத ரெண்டு தடவ சொல்றேன்.

இத படிச்சு முடிச்ச கையோட ஒரு புது ஸ்ப்ரே பாட்டில் வாங்குங்க, இஸ்திரி போடறப்ப துணிக்கு அடிப்போமே அதேதான், ஆனா புதுசு, முன்னாடி பினாயில் கொலின் எதுவும் ஊத்தாதது. நல்ல குடிதண்ணி ஊத்தி, தொட்டிக்குள்ள ஒரு மணி பிளாண்ட் கொடி வச்சு, இலையெல்லாம் சொட்டற மாதிரி அடிங்க, அது மூஞ்சில அடிக்காதீங்க. அப்புறம் நாலடி தள்ளி தரையில உக்காந்து அசையாம பாருங்க. மொதல்ல செலையாட்டம் நிக்கும். அஞ்சு நிமிஷம் கழிச்சு தலைய ஒரு பக்கமா சாச்சு ஒரு கண்ணால சொட்ட பாக்கும். அப்புறம் தடிச்ச சின்ன நாக்கு வெளிய வரும், ஒரு நக்கு, நிறுத்தும், தொண்ட லேசா ஏறி எறங்கும், மறுபடி நக்கும். நெசமாவே தாகமா இருந்தா பத்து பதினஞ்சு நிமிஷம் விடாம குடிக்கும். காலைல ஒருவாட்டி சாயங்காலம் ஒருவாட்டி, நம்ம ஊர் ஏப்ரல் மே மாசத்துல மத்தியானமும் ஒருவாட்டி. ஈரப்பதம் 60லருந்து 70 சதவீதம் இருக்கணும். வேலூர் வெயில்ல வீட்டுக்குள்ள அது தானா வராது, ஸ்ப்ரேதான் வழி.

சக்கர தண்ணி கதை எங்கேருந்து வந்துச்சு தெரியுமா. ஒரு காலத்துல அமெரிக்கால சர்க்கஸ் வாசல்ல இத கழுத்துல நூல் கட்டி கோட்டுல குத்திக்கிற பொம்மையாட்டம் வித்தாங்க, சக்கர தண்ணி போதும்னு சொல்லிதான் வித்தாங்க, எல்லாம் கொஞ்ச நாள்ல செத்துப்போச்சு. அந்த பொய்தான் கடல் தாண்டி உங்க ஐஸ்கிரீம் டப்பா வரைக்கும் வந்திருக்கு.

தீனி: உயிரோட இருக்கணும், அசையணும்

இது கீரை தின்ற ஜாதி இல்லம்மா. பூச்சி தின்னி. அதுவும் அசையற பூச்சியதான் அதோட கண்ணு சாப்பாடுன்னு எடுத்துக்கும். லெட்டூஸ், முட்ட, தயிர்சாதம் எல்லாத்தையும் எடுத்துடுங்க, அழுகி எறும்பு வரும், வால் போன புண்ணுல எறும்பு ஏறுனா அது தனி தலைவலி.

பூச்சியோட அளவு அதோட தலைல பாதி இருந்தா போதும், அதுக்கு மேல பெருசு வேணாம். ரெண்டு மூணு பூச்சி, வளந்ததுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், உங்களோடது காஞ்சு கெடக்கறதால திங்க ஆரம்பிச்சதுலருந்து மொத பத்து நாள் தினமும் குடுங்க. சின்ன கிரிக்கெட் பூச்சி, அதாவது ராத்திரில கத்துமே சில்வண்டு, அதான் இருக்கறதுலயே நல்லது. அதுக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. அரோவானா மீன் வளக்கறவங்க யாரையாவது விசாரிங்க, அவங்க மீனுக்கு கிரிக்கெட், வளப்பு கரப்பான், புழு எல்லாம் டப்பால வாங்கி வெப்பாங்க, அதுல பொடிசா பாத்து எடுத்துக்கலாம். மீல் வார்ம்னு விக்கிற மஞ்சப் புழு எப்பயாவது ஒண்ணு ரெண்டு மட்டும், தோல் கெட்டி, செரிக்காது.

பையன் தோட்டத்துல பிடிச்சாந்து போடறேன்னு சொல்வான். மருந்து அடிக்காத எடத்துல பிடிச்ச குட்டி வெட்டுக்கிளி, சின்ன விட்டில், மழைக்கு அப்புறம் வர்ற ஈசல், இதெல்லாம் தாராளமா போடலாம், ஈசல் வந்தா அது விருந்துதான். ஆனா கத்திரி தோட்டத்து பக்கம் போகவே வேணாம். நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்கு பேரு பெருசு, புவிசார் குறியீடு வரைக்கும் வாங்கியாச்சு, ஆனா பொதுவா கத்திரிக்கு காய்ப்புழுவுக்காக எத்தன தடவ மருந்து அடிக்கிறாங்கன்னு விவசாயி வீட்டுல கேட்டு பாருங்க. அதே மாதிரி கிச்சன்ல ஓடற கரப்பான் கூடாது, அது எந்த வீட்டு கரப்பான் மருந்து சாக்பீஸ் கோட்ட தாண்டி வந்துச்சோ யாருக்கு தெரியும். மின்மினி பூச்சி ஒண்ணு கூட கூடாது, அதுல இருக்கற விஷம் பல்லி வகைய கொன்னுடும்.

இன்னொண்ணு, போட்ட பூச்சிய அது திங்கலன்னா ராத்திரி உள்ளயே விட்டு வெக்காதீங்க, கிரிக்கெட் பசிச்சா தூங்கற பல்லியவே கடிக்கும்.

கால்சியம் பத்தி உங்க வீட்டுக்காரர் வெத்தல சுண்ணாம்ப பூச்சி மேல தடவலாமான்னு கேட்டதா எழுதியிருக்கீங்க. யோசனை வந்த வழி சரி, ஆனா வேணவே வேணாம், அந்த சுண்ணாம்பு காரம், வாயும் கொடலும் வெந்துடும். நாட்டு மருந்து கடையில கடல்நுரைன்னு கேட்டா வெள்ளையா ஓடு மாதிரி குடுப்பாங்க, கிளி, லவ் பேர்ட்ஸ் கூண்டுல தொங்குமே அதான். அத நல்லா கழுவி, காயவச்சு, மாவாட்டம் தேச்சு, ஒரு பிளாஸ்டிக் கவர்ல பூச்சியோட போட்டு குலுக்குனா திருநீறு பூசுனாப்புல ஆகிடும், அப்படியே உள்ள விடுங்க. வாரத்துக்கு மூணு வேளை இது, ஒரு வேளை ரெப்டைலுக்குன்னே விக்கிற வைட்டமின் டி3 பவுடர். அதுக்கு முன்னாடி பூச்சிக்கு ஒரு நாள் முழுக்க முருங்கக்கீரையும் கேரட்டும் குடுங்க, பூச்சி வயித்துல இருக்கறதுதான் பல்லி வயித்துக்கு போகுது. கால்சியம் இல்லாம வளந்தா எலும்பு ரப்பராட்டம் வளையும், தாட வீங்கும், கை கால் உதறும், அந்த நெலமைக்கு போனா திருப்பி கொண்டாறது ரொம்ப கஷ்டம்.

வெயில் வேணும், வேலூர் வெயில் வேணாம்

கால்சியம் ஒடம்புல ஒட்டணும்னா புற ஊதா வெளிச்சம் வேணும், யூவிபின்னு சொல்வாங்க. நீங்க ஜன்னலோரமா தொட்டிய வச்சு தினம் ரெண்டு மணி நேரம் வெயில் படுதுன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டு தப்பு இருக்கு. கண்ணாடி வழியா யூவிபி உள்ள வராது, சூடு மட்டும்தான் வரும். ரெண்டாவது, மூடுன கண்ணாடி பொட்டி வெயில்ல நின்னா அது குக்கர், அர மணி நேரத்துல வெந்துடும், உங்களோடது இத்தன நாள் தாங்குனதே பெருசு. இன்னிக்கே ஜன்னல விட்டு தள்ளி வைங்க.

மீன் தொட்டிக்கு பதிலா ஒயரமா ஒரு வலைக்கூண்டு செய்யுங்க, ஒன்ற அடி அகலம் ரெண்டு அடி ஒயரம், கொசு வராம ஜன்னலுக்கு அடிக்கிற ஸ்டீல் வலைய மரச்சட்டத்துல அடிச்சு குடுக்க எந்த ஆசாரியும் செய்வாரு. உள்ள குறுக்கும் நெடுக்கும் குச்சி, மணி பிளாண்ட், செம்பருத்தி கொப்பு. இது தரையில படுக்கற ஜீவன் இல்ல, ஏறி உக்காந்து கீழ பாக்கறது. மேல யூவிபி டியூப் ஒண்ணு பகல்ல 12 மணி நேரம், ராத்திரி அணைச்சுடணும். ஜீரோ வாட்ஸ் பல்பும் எல்ஈடியும் யூவிபி தராது. அந்த டியூப் வெளிச்சம் வந்துகிட்டே இருந்தாலும் ஆறு மாசம் ஒரு வருஷத்துல யூவிபி தீந்துடும், தேதி எழுதி ஒட்டி வைங்க. டியூப் வர்ற வரைக்கும் காலைல ஏழு மணி வெயில்ல வலைக்கூண்டோட ஒரு இருவது நிமிஷம், பாதி கூண்டுக்கு துணி போட்டு நெழல் வச்சு, பக்கத்துல ஆள் உக்காந்து. ஆள் எழுந்து போனா காக்கா வரும், பூன வரும்.

இத பத்தி வெளிநாட்டுக்காரங்க எழுதறத படிச்சீங்கன்னா மொத வரிலயே ஹீட் பல்பு வாங்குன்னு இருக்கும். அவங்க ஊர் குளிருக்கு அது சரி. உக்கார்ற மேல் குச்சில 30, 32 டிகிரி, மத்த எடத்துல 25லருந்து 28, ராத்திரி 20க்கு கீழ போகாம, இதான் அதுக்கு தேவ. வேலூர்ல இப்பவே ஃபேனுக்கு கீழ 34 இருக்கு, கத்திரி வெயில் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இந்த மாசத்துக்கு பல்பு கிட்டவே போகாதீங்க, நம்ம பிரச்சன தலகீழ். வீட்டுலயே குளுமையான மூல எதுவோ அங்க வைங்க, மொட்ட மாடிக்கு கீழ இருக்கற ரூம் வேணாம், கேஸ் அடுப்பு பக்கம் வேணாம், ஃப்ரிட்ஜ் மேலயும் வேணாம். மத்தியானம் ஒரு பாட்டில்ல ஐஸ் வச்சு ஈரத்துணி சுத்தி கூண்டுக்கு வெளிய ஒரு பக்கமா சாச்சு வெச்சா அதுவே எந்த பக்கம் வேணுமோ அங்க போய்க்கும். ரூம்ல முப்பதுன்னா முப்பதுன்னு தெரியணும்ல, அதனால ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம். மார்கழி ராத்திரில மட்டும் கொஞ்சம் சூடு யோசிக்கலாம், அப்போ எழுதுங்க.

கொசுவத்தி, லிக்விட், சாம்பிராணி இதெல்லாம் அந்த ரூம்ல நிறுத்திடுங்க.

நெறமும் வாலும்

பழுப்பா ஆனா சாகப்போகுதுன்னு அர்த்தம் இல்ல. இது எடத்துக்கு தக்கபடி நெறம் மாத்தறதும் இல்ல, அது பெரிய கட்டுக்கத, பச்சை துணி வச்சு பாத்தேன் மாறலன்னு உங்க பையன் கேட்டானே, மாறாது. பயம், குளிர், சூடு, மனநெல, இதுக்குதான் மாறும். நல்ல வெதுவெதுன்னு நிம்மதியா இருந்தா பச்சை, கலங்கி போனா பழுப்பு. பகல் முழுக்க பழுப்பாவே இருந்து, கண்ணுக்கு பின்னால கருப்பா ஒரு திட்டும் வந்தா அது ரொம்ப கஷ்டத்துல இருக்குன்னு எடுத்துக்கணும். நாலு பக்கமும் கண்ணாடி, ஒளிய ஒரு இல இல்ல, தினம் ஒரு பெரிய கை உள்ள வந்து தூக்குது, பழுப்பா இல்லாம வேற எப்படி இருக்கும்.

வாலுக்கு நம்ம வீட்டு பல்லி கதைதான். அதுவா விடறது, ரத்தம் அதிகம் போகாது, தையல் வேணாம், மஞ்சளும் எண்ணெயும் குழச்சு அப்பாதீங்க. கீழ தேங்கா நார், மண் எதுவும் போடாம ரெண்டு வாரம் வெறும் டிஷ்யூ பேப்பர் விரிச்சு தினமும் மாத்துங்க. மொளைக்கும், சில மாசம் ஆகும், பழைய வால் மாதிரி அழகா இருக்காது, உள்ள எலும்புக்கு பதிலா குருத்தெலும்புதான். பையன்கிட்ட அவன் தப்பு பண்ணான்னு சொல்லாதீங்க, இது கையில வச்சு கொஞ்சற ஜீவன் இல்லன்னு அவனுக்கு யாரும் சொல்லல, அவ்ளோதான். மீன் தொட்டிய எப்படி பாப்போமோ அப்படி பாக்கறதுக்குதான் இது.

கேஸ், கொழந்த, ஜோடி, கொய்யா மரம்

போட்டோ பாத்தேன். வெரல்ல பல்லிக்கு இருக்கற மாதிரி ஒட்டற பட்ட இருக்கு, கண்ணாடில ஏறுது, கழுத்துக்கு கீழ ரோஸ் கலர்ல விசிறி விரிக்கிது. அப்போ அது பச்சை அனோல்தான், ஆம்பள. ஓணானா இருந்தா கண்ணாடி ஏறாது. நம்ம ஊர் பச்சோந்தியா இருந்தா கண்ணு கூம்பா துருத்திகிட்டு ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் சுத்தும், வெரல் இடுக்கி மாதிரி ரெண்டா பிரிஞ்சிருக்கும், வால் சுருளும். இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா நம்ம காட்டு பச்சோந்தி 1972 வனவிலங்கு சட்டத்துல பாதுகாக்கப்பட்டது, வீட்டுல வச்சா குத்தம், பச்சக்கிளி வளக்கறது கூட குத்தம்தான், தெருவுக்கு நாலு வீட்டுல வளக்கறாங்க அது வேற விஷயம்.

நான் வக்கீல் இல்ல, ஆனா தெரிஞ்சத சொல்றேன். வெளிநாட்டு உயிரினத்துல சைட்டிஸ்ங்கற சர்வதேச வனஉயிர் வியாபார ஒப்பந்த பட்டியல்ல வர்றத வச்சிருந்தா மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதியணும்னு 2024ல விதி வந்திருக்கு. இந்த பச்சை அனோல் அந்த பட்டியல்ல இல்ல. ஆனா வெளிநாட்டுல இருந்து உயிரோட கொண்டாறதுக்கு லைசென்ஸ் வேணும், வித்தவருக்கு அது இருந்துச்சான்னு நமக்கு தெரியாது. அதனால வீட்டுக்காரர்கிட்ட சொல்லி பில்லு கேக்க சொல்லுங்க, பணம் அனுப்புன ஸ்கிரீன்ஷாட், பேசுன மெசேஜ் எதையும் அழிக்காதீங்க. மனசு உறுத்துனா போட்டோவோட வேலூர் வன அலுவலகத்துல நேரா போய் கேட்டுடறது நல்லது, தானா போய் கேக்கறவங்களுக்கும் புகார் வந்து பிடிபடறவங்களுக்கும் வித்தியாசம் இருக்கு.

விஷம் கெடையாது. கடிச்சா கூட நெகம் கிள்ளுன மாதிரிதான். ஆனா 8 மாச கொழந்த இருக்கற வீடுன்னு சொன்னதும் நான் கொஞ்சம் நிமிந்து உக்காந்தேன். பல்லி வகை எல்லாமே எச்சத்துல சால்மோனெல்லா கிருமிய வச்சிருக்கலாம், பாக்க தெம்பா இருந்தாலும். அஞ்சு வயசுக்கு கீழ இருக்கற கொழந்தைக்கு அது பேதி, காய்ச்சல்னு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போகும். கூண்டு கொழந்த தவழற ரூம்ல இருக்கக்கூடாது, கூண்ட கிச்சன் சிங்க்ல கழுவக்கூடாது, தொட்ட கைய சோப்பு போட்டு கழுவாம கொழந்தைய தூக்கக்கூடாது. இது முடியாதுன்னு தோணுச்சுன்னா வளக்கறது தெரிஞ்ச ஒருத்தருக்கு குடுத்துடுங்க, அதுல ஒண்ணும் தோல்வி இல்ல.

ஜோடி வேணாம். ரெண்டு ஆம்பள போட்டா அடிச்சுக்கும், பொம்பள போட்டா முட்ட, குஞ்சு, அத விட பொடி பூச்சி தேடணும். தனியா இருக்கறது அதுக்கு ஏக்கம் இல்ல.

கொய்யா மரத்துல விடறது பாவம் போக்கற மாதிரி தோணும், உங்க மாமியார் நல்ல மனசோடதான் சொல்றாங்க. ஆனா நம்ம கத்திரி வெயில்ல அது அங்க ரொம்ப நாள் தாங்காது. ஒருவேள எங்கயாவது தாங்கி பெருகுச்சுன்னா அது இன்னும் மோசம். ஜப்பான்ல ஒகாசவாரா தீவுக்கு 1960கள்ல இதே பச்சை அனோல் எப்படியோ வந்து சேந்துச்சு, அந்த தீவுல மட்டுமே இருந்த பட்டாம்பூச்சி, தும்பி, தேனீன்னு பலதையும் தின்னு கொறச்சு, இன்னி வரைக்கும் ஒட்டுற பொறி வச்சு பிடிச்சுகிட்டு இருக்காங்க.

இப்போ அடுத்த மூணு நாள். மொத நாள் தண்ணி மட்டும், எலையில அடிச்சுட்டு தொட்டியோட மூணு பக்கம் பேப்பர் ஒட்டி மறச்சு விட்டுடுங்க, பூச்சி கூட வேணாம். ரெண்டாம் நாள் காலைல அது பச்சையானதும் ரெண்டு சின்ன பூச்சி. திங்கலன்னா வாய தொறந்து ஊட்டாதீங்க, தாட உடையும். மூணாம் நாளும் திங்கல, இல்ல கண்ணு உள்ள போயிருக்கு, இடுப்பு எலும்பு துருத்துது, பகல்லயே கண்ண மூடிகிட்டு தரையில கெடக்கு, வாய தொறந்தே வச்சிருக்குன்னா காத்திருக்காம சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க, ஓட்டை போட்ட டப்பால ஈர டிஷ்யூ வச்சு, காலைல மொத டிரெயின்ல, வெயில் ஏறறதுக்குள்ள. போறப்போ புது எச்சம் கொஞ்சம் சின்ன டப்பால எடுத்துட்டு போங்க, இதுல பெரும்பாலானது காட்டுல பிடிச்சு விக்கறதுதான், வயித்துல புழு இருக்கலாம்.

எட போட வீட்டு தராசு ஒதவாது. நல்லா வளந்த ஆம்பளையே பெரும்பாலும் ஒரு பவுனுக்கும் கம்மிதான் இருக்கும். ஆயிரம் ரூபாக்குள்ள நக தராசு கெடைக்குது, டப்பாவோட வச்சு டப்பா எடைய கழிச்சுக்கலாம், வாரம் ஒருவாட்டி. நல்லா பாத்துகிட்டா இது பையன் பிளஸ் டூ முடிக்கிற வரைக்கும் கூட இருக்கலாம். அவன்கிட்ட ஒரு அம்பது பக்க நோட்டு குடுத்து தேதி, எத்தன பூச்சி தின்னுச்சு, எச்சம் போச்சா, பகல்ல எந்த நேரம் பச்சையா இருந்துச்சு, எட எவ்ளோன்னு எழுத சொல்லுங்க. எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொதல்ல அந்த நோட்டத்தான் கேப்பாரு.